ஏழாவது அம்பின் வெள்ளை நூல்

ஜன்னலைச் சாத்திவிடுகிறேன் மேடம், தப்பாக நினைக்காதீர்கள். காற்று வந்தால் பஞ்சு பறக்கும். பறக்கிற பஞ்சு நேராகப் போய்ப் பசையில்தான் ஒட்டும், அப்புறம் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். அந்த நாற்காலியில் உட்காருங்கள். கால் கொஞ்சம் ஆடும், ஆனால் விழாது. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

வந்த விஷயம் சின்னதுதான் என்று சொன்னீர்கள். பழைய அம்பு ஒன்று வில்லிலிருந்து கிளம்பும்போதே முறிந்து, என் அக்கா மகளின் கையில் பாய்ந்துவிட்டது. உங்கள் ஸ்டேஷனில் அதை விபத்து என்று எழுதி முடிக்க வேண்டும். அதற்கு விஷயம் தெரிந்த ஒருவரின் கருத்து வேண்டும். பழைய மர அம்பைப் பார்த்து இது என்ன மரம், எந்தக் காலத்தது, என்ன விலை பெறும் என்று சொல்கிறவன் இங்கே நான் ஒருவன்தான். அதனால் முறிந்த துண்டுகளைப் பையில் போட்டு என்னிடமே கொண்டுவந்திருக்கிறீர்கள். 'பழைய மரம், உலர்ந்து போயிருந்தது, தானாக முறிந்தது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறீர்கள்.

போடலாம். ஆனால் மீதியிருக்கும் பதினோரு அம்புகளையும் இன்று சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால் சருகு கொளுத்துகிற தகரப் பீப்பாயில் போட்டு எரிக்கப் போவதாக என் அக்கா காலையில் சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள். அதனால் அந்த வரியை எழுதுவதற்கு முன்னால் நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

மர அம்புக்கு மூன்று விலை உண்டு மேடம். எய்கிறவன் விலை ஒன்று, சேர்த்து வைக்கிறவன் விலை ஒன்று, விறகு விலை ஒன்று. புதிதாக வாங்க வருகிறவர்கள் இறகைப் பார்ப்பார்கள், வண்ண வளையங்களைப் பார்ப்பார்கள். இறகை யார் வேண்டுமானாலும் பிய்த்துவிட்டு வேறு ஒட்டலாம். நான் தண்டைத்தான் பார்ப்பேன். கண்ணாடிப் பலகையில் உருட்டினால் அது நேரா, வளைவா என்று சத்தமே சொல்லிவிடும். மரத்தின் இழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு பிடித்த மாதிரி ஓடினால், அது மரத்தைப் பிளந்து எடுத்த தண்டு. அந்தக் காலத்துப் பொறுமைக்காரர்கள் வேலை. நடுவில் இழை தீக்கொழுந்து போலக் கூராகி நின்றுவிட்டால், அது ரம்பத்தில் அறுத்து எடுத்தது. முறிந்தால் அங்கேதான் முறியும். அப்புறம் பஞ்சு. ஒரு கொத்துப் பஞ்சைத் தண்டின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் ஒரு நார் மாட்டிக்கொண்டு நிற்கும். இதனால்தான் எங்கள் வில் சங்கத்தில் எனக்குப் 'பஞ்சு' என்று பெயர்.

கடைசியாகக் காது. தண்டைக் காதருகே வைத்து லேசாக வளைத்தால், நல்ல மரம் வாயைத் திறக்காது. கெட்ட மரம் கிசுகிசுக்கும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். கடவுள் யாரையும் மலையைத் தூக்கச் சொல்வதில்லை, கண்ணெதிரே இருக்கிறவனுக்குச் சின்னதாக ஒரு நல்லது செய்துவிட்டுப் போ என்கிறார், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். போன மாதம் ஒரு தையல்காரர், தன் அப்பா வைத்திருந்தது என்று ஒரு கட்டு அம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பூந்தொட்டியில் செடிக்கு முட்டுக் கொடுக்கிற குச்சியில் யாரோ இறகு ஒட்டியிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். “இதுக்கு விலை போட எனக்கு மனசு வரலைங்க. வீட்லயே வச்சுக்குங்க” என்றேன். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அதில் பொய் எதுவும் இல்லை. மனசு வரவில்லை என்பது உண்மைதான்.

இனி அந்தப் பன்னிரண்டு அம்புகளுக்கு வருகிறேன்.

என் அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் ஓயாதவர். எங்கள் வில் சங்கத்தில் அவரும் உண்டு. பழைய வீடு ஒன்றைக் காலி செய்யும்போது சாமான்களை மலிவாக விற்றார்கள் என்று, குடை வைக்கிற பீங்கான் ஜாடி ஒன்றை வாங்கி வந்தார். அதற்குள் இந்த அம்புகள் தலைகீழாகச் செருகியிருந்தன. இறகெல்லாம் பூச்சி அரித்து, தண்டு மேல் புகை படிந்து, பார்க்கச் சகிக்காது.

“மச்சான், இது என்னன்னு பாரு. உங்க அக்கா ஜன்னல் திரைக்குக் கம்பியாப் போட்டுடலாம்கிறா.”

ஒன்றை எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன். அப்புறம் அடுத்தது. அப்புறம் பன்னிரண்டையும் துடைத்து முடிக்கிறவரை நான் நிமிரவில்லை.

“அத்தான், இதை எங்க புடிச்சீங்க?”

“ஜாடியோட இலவசம். ஜாடி ஓட்டை, அதான் இலவசம் தந்திருக்கான்.”

தேவதாரு வகையில் ஒன்று, இப்போது கிடைப்பதில்லை. முனையை நகத்தால் சுரண்டினால் இஞ்சி நறுக்கின மாதிரி ஒரு வாசனை வரும். முன்பக்கம் முனை பொருத்துகிற இடத்தில் கருத்த கடின மரம் ஒட்டு வைத்திருந்தது. அந்த ஒட்டு விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி நான்கு பக்கமும் ஏறியிருந்தது. நீலம், மஞ்சள், நீலம் என்று வளையங்கள். இறகுக்குப் பக்கத்தில் மையால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண். வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு தண்டில் விட்ட இழை அடுத்த தண்டில் தொடர்ந்தது. பன்னிரண்டும் ஒரே மரத்தின் ஒரே துண்டிலிருந்து, பக்கத்தில் பக்கத்தில் பிளந்து எடுத்தவை. அப்படி ஒரு செட்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப் போவதில்லை.

திரைக் கம்பிதான் அத்தான், என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வண்டி வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். நான் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரே மரம் என்பதை அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினேன். அதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அத்தான் எல்லாவற்றையும் வாய் பிளந்து கேட்டார். கேட்டுவிட்டு, “அப்போ இதை விடலாமா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. விற்கலாமா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் வில்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

தண்டுகள் நன்றாகத்தான் இருந்தன. பஞ்சு ஓட்டிப் பார்த்தேன், காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் குறையில்லை. இறகு மாற்றி வெள்ளை நூல் கட்டிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும். நல்ல மரத்தைக் கெட்டது என்று சொல்வது என் வழக்கமில்லை.

நூல் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தில் எந்த மர அம்பும் என் கையைத் தாண்டித்தான் வில்லுக்குப் போகும். எய்யலாம் என்றால் இறகுக்குப் பின்னால் வெள்ளை நூல் கட்டுவேன். சுவரில் மாட்டத்தான் லாயக்கு என்றால் சிவப்பு. முன்பெல்லாம் எய்கிறவர்களும் தங்கள் பங்குக்கு ஒரு தடவை காதில் வைத்து வளைத்துப் பார்ப்பார்கள். எங்கேயும் அதுதான் முறை. ஒரு தடவை, புதிதாகச் சேர்ந்த கணக்கு வாத்தியார் ஒருவர், நான் நூல் கட்டிக் கொடுத்ததை என் கண்ணெதிரேயே வளைத்துப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரோடும் உட்கார்ந்து டீ மட்டும் குடிக்கவில்லை. அத்தான் அதைக் கவனித்துவிட்டார்.

“வாத்தியாரே, சாப்பிடக் கூப்பிட்ட வீட்டுல சமையல்கட்டுக்குள்ள போய் உப்பு பார்த்துட்டா உட்காருவீங்க? என் மச்சான் நூல் கட்டினா அது கட்டினதுதான். அவன் மனசு நோகுற மாதிரி இனிமே யாரும் காதுல வைக்காதீங்க.”

வாத்தியார் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அன்றோடு அந்தப் பழக்கம் நின்றது. நானாகக் கேட்டு வாங்கியதல்ல. அவர்களாக அன்போடு கொடுத்தது. அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வதும் ஒருவிதத் திமிர்தானே.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தான் அந்த அம்புகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவார். வைக்கோல் கட்டில் அடிப்பார். பாதி கட்டுக்கு வெளியே போகும், அவர் கை அப்படி. அம்பு புல்லுக்கு அடியில் நழுவிப் போய்ப் புதைந்துகொள்ளும். அதைத் தேடிக் காலால் துழாவுவார். நீல வளையத்தில் ஒரு கீறல், ஒட்டு மரத்தில் ஒரு குழி. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு அம்பும் பறக்கப் பறக்க, சேர்த்து வைக்கிறவன் விலையிலிருந்து எய்கிறவன் விலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேசிப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். அவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன்.

“அத்தான், இதை இனிமே பெட்டியில வச்சிடலாமே. பார்க்கிறதுக்குன்னே பொறந்த அம்பு.”

“பெட்டியில வைக்க அது என்ன செத்தா போச்சு? ஷெட்டுலயே நிறுத்தி வச்சா அது பஸ்ஸாடா? பறந்தாத்தான்டா அம்பு.”

“ஒண்ணு முறிஞ்சாக்கூட செட்டு போயிடும்.”

“முறிஞ்சா பதினொண்ணு இருக்கு. அதுவும் முறிஞ்சா உங்க அக்கா சந்தோஷப்படுவா.”

“நான் இப்பவே சந்தோஷமாத்தான் இருக்கேன்,” என்று உள்ளேயிருந்து அக்கா சொன்னாள். “ரெண்டு பேரும் வெளிய போனீங்கன்னா இன்னும் சந்தோஷமா இருப்பேன்.”

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பிரார்த்தனை செய்தேன். அத்தானுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டேன். அவருக்காகத்தான் கேட்டேன், எனக்காக எதுவும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தபோது ஒரு நாள் மனதில் பட்டது: மனசு தானாக மாறாது, அதற்குச் சின்னதாக ஒரு தட்டு வேண்டும். அதைப் பிரார்த்தனைக்குக் கிடைத்த பதிலாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் பையைக் கொடுங்கள். முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் வார்னிஷைக் கொஞ்சம் சுரண்டுகிறேன். முகர்ந்து பாருங்கள். இஞ்சி வாசனை வருகிறதா? வராது. மரப்பட்டறைத் தரையைக் கூட்டும்போது வருகிற வாசனைதான் வரும். சாதாரணப் பைன். இழையைப் பாருங்கள். இதோ, இங்கே கூராகி நின்றுவிட்டது. ரம்பத்தில் அறுத்த குச்சி. வளையங்களின் நீலம் சரியான நீலம்தான், ஆனால் அது என் நீலம். எண் ஏழு என்று எழுதியிருக்கிறது. அதுவும் என் கையெழுத்துதான். பழைய எழுத்தில் ஏழின் வால் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அதைக்கூட விடாமல் கொண்டுவந்திருக்கிறேன். நான் செய்ததிலேயே இதுதான் அழகானது என்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாதுதான்.

உண்மையான ஏழாவது அம்பு இந்த மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துக் காட்டுகிறேன். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் மட்டும் தொட வேண்டாம்.

அத்தான் ஒரு நாள், ஏழாவது அம்பில் இறகு தளர்ந்திருக்கிறது என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் இதைச் செய்தேன். இழை நடுவில் கூராகி நின்றுவிட்ட குச்சியாகத் தேடி எடுத்தேன். ஒட்டு வைத்து, இழைத்து, மேசை விளிம்பில் அழுத்தி மெதுவாக வளைத்தேன், கிசுகிசுப்பது கேட்கிறவரைக்கும். அதோடு நிறுத்திவிட்டேன். மேலே வார்னிஷ் பூசினேன். பஞ்சு ஓட்டிப் பார்த்தேன். ஒரு நார்கூட மாட்டவில்லை. காதில் வைத்தால் மட்டும் தெரியும். எங்கள் சங்கத்தில்தான் யாரும் காதில் வைப்பதில்லையே. வெள்ளை நூல் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

என் கணக்கு என்னவென்றால், அத்தான் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை எய்வார், இது கிளம்பும்போது முறியும், வில் பிடிக்கிற இடது கையில் ஒரு சிராய்ப்பு, மிஞ்சினால் இரண்டு தையல். பழைய மரத்தை நம்பக் கூடாது என்று அவருக்கே பட்டுவிடும். அன்றைக்கே எல்லா அம்பையும் பெட்டியில் வைத்துவிடுவார். அவர் எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால். அதையும் நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். அவர் மேல் எனக்கு வேறு எந்தக் கோபமும் இல்லை.

என் அக்கா மகளை நீங்கள் பார்த்துப் பேசியிருக்கிறீர்கள். சங்கத்தில் அவளைக் 'கத்தரி' என்பார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பெண்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள். மாதம் ஒரு தடவை, கடை சாத்துகிற நேரத்துக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து வெட்டிவிடுவாள். “மாமா, இதோட விட்டா அம்புக்கு இறகு உங்க தலையிலயே எடுத்துக்கலாம்” என்பாள். காசு கொடுத்தால் என் சட்டைப் பையிலேயே திருப்பிப் போட்டுவிடுவாள். நல்ல பெண்.

அம்பு முறிந்த அந்த வாரம்தான் அவள் கடையில் இரண்டாவது நாற்காலி போட்டிருந்தாள். அத்தானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மைதானத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு முதல் அம்பு முதலாளியம்மா விடட்டும்.”

“உங்க செட்டுலயாப்பா? கிட்ட வந்தாலே கத்துவீங்களே.”

“ரெண்டாவது நாற்காலி போட்டவளுக்கு ஒரு அம்பு தரமாட்டேனா. இரு, நல்லதாப் பார்த்து எடுக்கிறேன்.”

அவர் ஒவ்வொன்றாக எடுத்து இறகுப் பக்கம் பார்த்தார். மற்றதில் எல்லாம் நூல் வெயிலில் கிடந்து பழுப்பேறியிருந்தது. ஒன்றில் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இதான். உங்க மாமா புதுசாப் பார்த்துக் கட்டினது. இதைவிடப் பத்திரமானது இதுல கிடையாது.”

இப்படி ஒன்று நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தன் மகள் மேல் வைத்திருந்த அக்கறையால் வந்தது இது. அக்கறையை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அவள் வேறு ஊர் முகாம் ஒன்றுக்குப் போய் வில் பழகியவள். அம்பை வாங்கியதும் பழக்கத்தில் அதைக் காதுக்குக் கொண்டுபோனாள். அத்தான் அவள் கையைப் பிடித்துவிட்டார். “ஏய், காதுல வைக்காதே. மாமா அங்கதான் நிக்கிறார், மனசு கஷ்டப்படும்.”

அவள் சட்டென்று அம்பைக் கீழே இறக்கினாள். என்னைப் பார்த்து, “சாரி மாமா, பழக்க தோஷம்” என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினேன்.

அங்கே நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பேசியிருந்தால் ஏன், எதற்கு என்று எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டியிருக்கும். அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதரின் முகம் மகள் எதிரே சுருங்கிப் போயிருக்கும். வாத்தியார் வேறு பக்கத்தில் நின்றார். நூலின் மேல் சங்கத்துக்கு இருக்கிற நம்பிக்கை போனால், நாளைக்கு யாரைக் கேட்டு எய்வார்கள், எத்தனை பேருக்கு அடிபடும். தவிர, அவள் வில் இலகுவான வில். அத்தான் வில்லுக்குத்தான் தண்டு முறியும், இவள் இழுப்புக்கு ஒரு தடவை தாங்கிவிடும் என்று கணித்தேன். கணிப்பு தவறிவிட்டது. இத்தனை வருடத்தில் என் மதிப்பீட்டில் நேர்ந்த ஒரே பிழை அதுதான்.

தண்டின் பின்பாதி அவளுடைய இடது கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புகுந்து மறுபக்கம் வந்தது. அவள் கத்தவில்லை. “அப்பா, உங்க அம்பு ஒடைஞ்சிடுச்சுப்பா” என்றாள். அப்புறம்தான் கையைப் பார்த்தாள்.

முதலில் ஓடியது நான்தான். என்னிடம் இருந்த பஞ்சு முழுவதும் அதில் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் போய் உட்கார்ந்திருந்தேன். ஆரஞ்சு உரித்து, கொட்டை எடுத்து, சுளைசுளையாகக் கொடுத்தேன். கடைச் சாவியை வாங்கிப் போய்க் கூட்டித் துடைத்தேன். இரண்டாவது நாற்காலியில் தூசி படியக் கூடாது என்று துணி போட்டு மூடினேன். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் செய்தேன்.

காயம் ஆறிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடு விரலும்தான் மடங்கவில்லை. முடி வெட்டுகிறவர்கள் கத்தரியை வலது கையில் பிடிப்பார்கள். முடியைப் பிடித்துக்கொள்வது இடது கையின் அந்த இரண்டு விரல்தான். எனக்கு அது தெரியாது. போன வாரம் தன் அம்மாவை உட்காரவைத்து வெட்டிப் பார்த்தாளாம். சீப்பு மூன்று தடவை கீழே விழுந்ததாம். “அம்மா தலை படிக்கட்டு மாதிரி ஆயிடுச்சு மாமா” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை வந்தவுடன் படித்துக் காட்டினீர்கள். மாமா நல்ல அம்பைத்தான் கொடுத்தார் என்றும், தான்தான் யாருக்கும் தெரியாமல் அதை வேகமாக வளைத்துப் பார்த்ததாகவும், அதில் விரிசல் விட்டிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறாள். அது நடக்கவில்லை. காதுக்குப் போகும் முன்னாலேயே இறக்கிவிட்டாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பஞ்சுவின் நூலை இனி நம்ப முடியாது என்று சங்கத்தில் இரண்டு பேர் பேசியது அவள் காதுக்குப் போயிருக்கிறது. எனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள். நீங்கள் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அதுவும் இருந்து, நானும் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால், இந்தக் கோப்பு இன்றைக்கே மூடிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் காலையில் அக்கா வந்தாள். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். மீதியை எரிக்கப் போகிறேன் என்றாள். ஒன்று முறிந்ததற்கு எல்லாவற்றையும் ஏன் எரிக்க வேண்டும், மற்றதெல்லாம் தங்கம் மாதிரி மரம் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

“எல்லாம் ஒரே மரம்னு நீதானே சொன்ன? என்னை உட்கார வச்சு விரலால கோடு காட்டிச் சொன்ன. ஒண்ணு இப்படின்னா எல்லாம் இப்படித்தானே இருக்கும். இன்னொரு பிள்ளை கையில பாயணுமா?”

நான் சொன்னதிலிருந்து ஒரு எழுத்துக்கூட அவள் பிசகவில்லை. முறிந்தது அந்த மரம் இல்லை என்று நிரூபித்தால்தான் மற்றப் பதினொன்றும் தப்பும். அதை நிரூபிக்க வேண்டுமானால் ஏழாவது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அம்புக்காக ஒருவன் ஜெயிலுக்குப் போவானா? மனசாட்சிதான் மேடம். அந்தப் பெண் எனக்காகப் பொய் சொன்ன பிறகு நான் சும்மா இருந்தால் கடவுள் முன்னால் எப்படி நிற்பேன். அம்புகள் பிழைப்பது அதோடு சேர்ந்து நடக்கிற ஒரு நல்லது, அவ்வளவுதான்.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். ஏழாவது அம்பை மாற்றியது நான். முறியும் என்று தெரிந்தே செய்தேன். தெரிந்தே வெள்ளை நூல் கட்டினேன். அத்தான் அதை என் அக்கா மகள் கையில் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் காதில் வைக்கப் போனபோது பார்த்தேன். அவள் அதை இறக்கியதற்குத் தலையாட்டினேன். அவள் நாணை இழுத்து முடிக்கிறவரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நான் பேசவில்லை. மற்றப் பதினோரு அம்புகளிலும் எந்தக் குறையும் இல்லை.

கடைசி வாக்கியத்தைத் தனியாக ஒரு பத்தியாகப் போடுங்கள்.

இப்போது ஒரு உதவி. வெளியே வெயில் இறங்கிவிட்டது. நீங்கள் அக்கா வீட்டுக்கு ஒரு போன் செய்து, அந்த அம்புகள் வழக்குக்கு வேண்டும், தொடக் கூடாது என்று சொல்லுங்கள். போலீஸ் சொன்னால் அவள் கேட்பாள். ஸ்பீக்கரில் போடுங்கள், எனக்கும் கேட்கட்டும்.

அக்கா எடுக்கவில்லை. கத்தரிதான் எடுக்கிறாள்.

“அந்த அம்பா மேடம்? எரிக்கலை. அம்மா கையிலேர்ந்து பிடுங்கி என் கட்டிலுக்கு அடியில வச்சுட்டேன். மாமாவுக்கு அதுதான் உசுரு. அப்பாகிட்டயும் பேசிட்டேன், ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் மாமா வீட்டுலயே கொண்டுபோய்க் கொடுத்துடலாம்னு சொல்லிட்டார். நீங்க அவர்கிட்ட எதையும் கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க. பாவம், அவரே நொந்து போய்க் கிடக்கிறார்.”

போனை வைத்துவிட்டீர்கள். என்னையே பார்க்கிறீர்கள்.

கட்டிலுக்கு அடியில் தரை ஈரம் இருக்கும். துணி விரித்து அதன் மேல் வைத்திருந்தால் பரவாயில்லை.

மேடம், அம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆகிவிட்டது. நீங்கள் முதலில் கேட்ட அந்த வரியை நான் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நடுவில் பேசியதை எல்லாம் நீங்கள் எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும்.